கடைசல் சாடியும் அரக்கின் மெருகும்

பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சன்னபட்டணத்திலும், ஆந்திர தேசத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாகாவிலும், மரத்தைக் கடைந்து அரக்கினால் வர்ணம் ஏற்றும் கலை தலைமுறை தலைமுறையாக நிலைத்து வந்திருக்கிறது. பொம்மைகளாலேயே இவ்வூர்கள் கீர்த்தி பெற்றன என்றாலும், அங்கே கடையப்படும் அலங்காரப் பூச்சாடியில்தான் இக்கலையின் சாஸ்திரம் பூரணமாக விளங்குகிறது என்பது என் அபிப்பிராயம். பருத்த வயிறும் குறுகிய கழுத்தும் விரிந்த வாயும் ஒரே மரத்துண்டில் அமைய வேண்டியிருப்பதால், மரத்தின் சுபாவமும் உளியின் போக்கும் உஷ்ணத்தின் அளவும் இடத்துக்கு இடம் மாறி, கைவினைஞனின் அறிவை ஓயாமல் சோதிக்கின்றன.

இரண்டு ஊர்களுக்கும் பிரதானமான மரம் ஒன்றே. நம் வைத்தியர்கள் இலை பறித்து எண்ணெய் காய்ச்சும் வெட்பாலைதான் அது. வெளிறிய நிறமும் நெருங்கிய, ஒரே சீரான இழையும் கொண்ட அம்மரம், நுண்ணிய கடைசலுக்கும் வர்ணத்துக்கும் ஒருங்கே இசைந்தது. ஆயினும் வெட்டியவுடன் அதைக் கடைந்து முடித்துவிட இயலாது. மரத்திலுள்ள ஈரம் ஏறத்தாழ 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போது சுருக்கம் ஆரம்பமாகிறது. அச்சுருக்கமும் எல்லாத் திசைகளிலும் சமமாக நிகழ்வதில்லை. நீளவாட்டில் அது அற்பம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு. ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையிலோ அதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. விட்டம் சிறுகும் விகிதத்துக்கு மேல் சுற்றளவு சிறுக முயன்றால், வட்டம் என்ற வடிவமே அதற்கு இடம் கொடாது. ஆகவே உருட்டுக் கட்டை பட்டையிலிருந்து நடுவை நோக்கிப் பிளக்கிறது. சாடியைக் குடையும்போது நடுத்தண்டு நீங்கிவிடுவதால் பக்கங்கள் பிழைத்துக்கொள்கின்றன. தண்டு எஞ்சி நிற்கும் அடிப்பாகமே பெரும்பாலும் வெடிக்கிறது. மரத்தைப் பல மாதங்கள் நிழலில் உலர்த்துவதன் காரணம் இதுவே. ஈரமரத்தையே கடைய நேர்ந்தால், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு முதலில் தடிப்பாகக் கடைந்து, அது உலர்ந்து கோணிய பின்னர் இரண்டாம் முறை கடைந்து வட்டமாக்குவார்கள்.

கடைசல் உளிக்கும் ஒரு திசை உண்டு. மரத்தின் இழை அச்சுக்கு இணையாக ஓடுகையில், வெளிப்புறத்தில் பருத்த இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்கு உளியை இறக்கினால், வெட்டப்படும் ஒவ்வோர் இழையையும் அதன் அடியிலுள்ள நீண்ட இழை தாங்கிக்கொள்ளும். எதிர்த்திசையில் ஏற்றினால் தாங்குவாரின்றி இழை பிய்ந்து சிலும்பும். உட்புறத்தைக் குடையும்போதோ இவ்விதி தலைகீழாகி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெட்ட வேண்டியதாகிறது.

உருவம் அமைந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியபின் வருகிறது, இக்கலையின் விசேஷ அம்சம். வர்ணம் பூசுவதற்குச் சாடியை லேத்திலிருந்து கழற்றுவதில்லை. தூரிகையும் இல்லை, கரைப்பானும் இல்லை. மரக்கிளைகளில் கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு நுண்ணிய பூச்சி சுரக்கும் பிசினாகிய அரக்கை, கரியனலில் இளக்கி, மஞ்சள், அவுரி முதலிய சாயங்களைச் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக உருட்டி வைத்திருப்பார்கள். சுழலும் மரத்தின்மேல் அக்குச்சியை அழுத்தினால், உராய்வில் பிறக்கும் உஷ்ணமே அரக்கை உருக்கி மேற்பரப்பில் படியச் செய்கிறது. சுமார் 65 முதல் 80 டிகிரி சென்டிகிரேடுக்குள் அரக்கு இளகி உருகும். மரம் உஷ்ணத்தை எளிதில் கடத்தாத வஸ்துவாதலால், உராய்வின் வெப்பம் உள்ளே ஓடி மறையாமல் மேற்பரப்பிலேயே தங்குகிறது. உலோகமாயிருந்தால் அது கணத்தில் பரவிக் கலைந்திருக்கும். அடுப்புக்கு உதவும் பொருள் என்றே நாம் அறிந்திருக்கும் மரத்தின் இந்தக் கடத்தாக் குணமே இங்கே ஒரு கலைக்கு ஆதாரமாய் நிற்பது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது.

சாடியின் வளைவு இவ்விடத்தில்தான் கையைச் சோதிக்கும். நிமிஷத்துக்கு 1,000 முறை சுழலும் சாடியின் வயிறு 10 சென்டிமீட்டர் விட்டமுடையதானால், அதன் மேற்பரப்பு நிமிஷத்தில் சுமார் 314 மீட்டர் ஓடுகிறது. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள கழுத்தோ 94 மீட்டர்தான் ஓடும். அழுத்தம் ஒன்றாகவே இருப்பின், வேகம் குறைந்த இடத்தில் பிறக்கும் உஷ்ணமும் அந்த அளவுக்குக் குறைவு. ஆகவே வயிற்றில் தானாக வழிந்து படியும் அரக்கு, கழுத்தில் துணுக்குத் துணுக்காக நிற்கும். அங்கே குச்சியைச் சற்று அழுத்தி, நேரம் கொடுத்து நகர்த்த வேண்டும். உஷ்ணம் மிதமிஞ்சினாலும் கேடுதான்: நீடித்த வெப்பத்தில் அரக்கின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, அதன்பின் எத்தனை சூடேற்றினாலும் இளகாத கட்டியாய் இறுகிவிடும்.

இறுதியில் உலர்ந்த தாழை ஓலையை மடித்துச் சுழலும் சாடியின்மேல் வைத்துத் தேய்க்கிறார்கள். ஓலையின் உராய்வு மேற்படலத்தை மீண்டும் இளக்கி, மேடுகளைக் கரைத்துப் பள்ளங்களை நிரப்புகிறது. சமமான அப்பரப்பில் படும் ஒளி சிதறாமல் ஒரே முகமாகப் பிரதிபலிப்பதையே நாம் மெருகு என்கிறோம். உப்புத்தாளின் கீறல்கள் மிகுந்திருந்தால், எத்தனை ஓலை தேய்த்தாலும் மெல்லிய அரக்கின் ஊடே அவை வளையங்களாகத் தெரியும்.

இத்தகைய சாடியை வாங்குவோர் அரக்கின் குணத்தையும் அறிந்திருத்தல் நலம். சாராயம் அதைக் கரைக்கும். சோப்பிலும் சோடாவிலும் உள்ள காரமும் அவ்வாறே. நெடுநேரம் நீர் தேங்கினால் மேற்பரப்பு வெளுத்துப்போகும். உட்புறத்தில் அரக்கு ஏறாத மரம் நீரை உறிஞ்சி உப்பும். ஆதலால் புதிய மலர்களை வைக்க விரும்புவோர், உள்ளே பொருந்தும் கண்ணாடிக் குழல் ஒன்றை இறக்கி, அதில் நீர் வார்த்து வைக்க வேண்டும்.