பொய்யிரையின் விலை

மீன் பிடிக்க விரும்புகிறவன் முதலில் மீனின் பசியை அறிந்துகொள்ள வேண்டும். மண்புழு, இறால், சிறுமீன் முதலியவற்றை முள்ளில் கோத்து நீரில் இட்டுக் காத்திருப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த முறை. உண்மையான இரையை விடுத்து, இரையைப் போன்ற ஓர் உருவத்தை நீரில் எறிந்து, அதனை இழுத்து, பெரிய மீனை ஏமாற்றிப் பிடிப்பது மற்றொரு முறை. அவ்வுருவத்தைப் பொய்யிரை எனலாம். சிறுமீனைப் போல உடலை அசைத்து நீந்துமாறு அமைக்கப்பட்ட பொய்யிரைகள் இன்று பலவகையாகக் கடைகளில் கிடைக்கின்றன. சில மிக மலிவு. சில ஒரு மாணவனின் ஒரு மாதக் கைச்செலவையே விழுங்கிவிடும். கையில் சிறு தொகையே உடையவன் எதைத் தேர்ந்தெடுப்பது? மாணவ நேயர்களே, இன்று நாம் ஆராயப் புகுவது இதுவே.

இத்தகைய பொய்யிரைகள் பெரிதும் பெயர் பெற்றது அமெரிக்காவிலே. அங்குள்ள ஏரிகளில் வாழும் பெருவாய் பாஸ் என்னும் மீனுக்காகவே அவற்றுள் பல உருவாயின. அந்த மீன் நம் ஏரிகளில் இல்லை. ஆனால், அதே முறையில் வேட்டையாடும் மீன்கள் இரண்டு நம்மிடம் உண்டு. ஒன்று கொடுவா. ஆங்கிலத்தில் இதனையும் ஆசியக் கடல் பாஸ் என்றே வழங்குவர். பெயர் ஒன்றாயினும் குடும்பம் வேறு. வில்லியனூரைக் கடந்து செல்லும் சங்கராபரணி, கடலை நெருங்கி உப்பங்கழியாக விரியுமிடமும், பாகூருக்குத் தெற்கே ஓடும் தென்பெண்ணை கடலோடு கலக்குமிடமும் போன்ற முகத்துவாரங்கள் கொடுவாவுக்கு ஏற்றவை. மற்றொன்று விரால். இது நன்னீர் மீன். குளங்களிலும் வாய்க்கால்களிலும் அல்லிக் கொடிகளுக்கும் ஆகாயத் தாமரைக்கும் அடியில் மறைந்து வாழ்வது.

இவ்விரண்டும் இரையை நெடுந்தூரம் துரத்திச் செல்வதில்லை, பதுங்கியிருந்து பாய்பவை. வேரின் நிழலிலோ, பாலத் தூணின் மறைவிலோ, கோரைப் புதரின் ஓரத்திலோ அசையாது நிற்கும். அருகே வரும் சிறுமீனைக் கண்டவுடன் வாயைத் திடீரெனத் திறக்கும். வாய்க்குள் பாயும் நீரோடு இரையும் உள்ளே போய்விடும். இவை யாவும் நொடிப் பொழுதில் முடிந்துவிடும். கலங்கல் நீரில், இருட்டில், இந்த மீன் இரையை எவ்வாறு அறிகிறது? மீனின் இரு விலாக்களிலும் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். நீரில் எழும் மிக நுண்ணிய அதிர்வையும் உணரும் புலன் அது. நமக்கு அதற்கு ஒப்பான புலன் இல்லை. சிறுமீன் வாலை வீசும்போது எழும் துடிப்பைப் பெரிய மீன் தன் விலாவினாலேயே உணர்கிறது. ஆகவே, பொய்யிரையில் முதன்மையானது அசைவு. நிறமும் பளபளப்பும் அதற்கு அடுத்தவையே.

இவ்வுண்மையைத் தம் வறுமையினிடையே கண்டறிந்தவர் ஒருவர் உண்டு. பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ரப்பாலா, காயம்பட்டுத் தள்ளாடி நீந்தும் சிறுமீனையே பெரிய மீன்கள் தேடித் தாக்குவதைக் கவனித்தார். 1936-ஆம் ஆண்டு அவர் தக்கையைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை அதன்மீது போர்த்தி, புகைப்படச் சுருள்களை உருக்கி மேற்பூச்சாகப் பூசி, தம் முதற் பொய்யிரையைச் செய்தார். அது தள்ளாடி நீந்தியது, மீனும் ஏமாந்தது. இன்று உலகெங்கும் விற்கப்படும் ஒரு பெயரின் தொடக்கம், எறியப்படும் பொருள்களிலிருந்து வந்ததே.

மற்றொரு செய்தியும் நினைவிற் கொள்ளத் தக்கது. 1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இருபது வயது உழவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய் பாஸைப் பிடித்தார். ஏறத்தாழ 10 கிலோ. அதற்கு இணையான மீன் ஜப்பானின் பிவா ஏரியில் 2009-இல்தான் அகப்பட்டது. அன்று பெர்ரியிடமும் அவர் நண்பரிடமும் இருந்தது ஒரே ஒரு பொய்யிரை என்றும், அதனை இருவரும் மாறி மாறி எறிந்தனர் என்றும் கூறுவர். பெட்டி நிறைய வாங்கி வைப்பதனால் மட்டும் மீன் வந்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். நீந்தும் பொய்யிரைகள் இரு வகைப்படும். கெட்டியான பிளாஸ்டிக்காலோ மரத்தாலோ ஆகி, இரண்டு மூன்று துண்டுகளாக இணைக்கப்பட்டு, வளைந்து நீந்துவன ஒரு வகை. இவை நெடுநாள் உழைக்கும், விலையும் மிகுதி. மென்மையான ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கால் ஒரே வார்ப்பாக வந்து, வால்நுனியில் துடுப்பு உடையன மற்றொரு வகை. 1949-ஆம் ஆண்டு ஒகையோவில் நிக் கிரீம் என்பவர் மெல்லிய பிளாஸ்டிக்கில் புழு செய்ததிலிருந்து இவ்வகைப் பொருள் பரவலாயிற்று. இவை ஒரு பொட்டலத்தில் பலவாகக் கிடைக்கும். மென்மையான உடலை மீன் உடனே துப்பிவிடுவதில்லை என்பது மேலும் ஒரு நன்மை. சிறு தொகையுடன் தொடங்குபவருக்கு இவ்வகையே தக்கது.

நீளம் எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தால் போதும். நம் கழிகளில் கொடுவா தேடித் தின்னும் மடவைக் குஞ்சுகளும் குளத்துக் கெண்டைகளும் ஏறக்குறைய அவ்வளவே. பின்னர் வாலைப் பாருங்கள். காற்றில் கொடித்துணி இப்புறமும் அப்புறமும் படபடப்பதைப் போல, இழுக்கும்போது துடுப்பின் இரு புறமும் மாறி மாறி எழும் நீர்ச்சுழல்கள் வாலை ஆட்டுகின்றன. துடுப்பும் உடலும் சேரும் கழுத்து மெலிந்து துவளுமாயின் மெதுவாக இழுத்தாலே வால் ஆடும். கழுத்து தடித்திருந்தால் வேகமாக இழுத்தால்தான் ஆடும். பதுங்கிப் பாயும் மீனுக்கு மெதுவான அசைவே வேண்டும்.

இதனைச் சோதிக்க ஆற்றுக்குப் போகவேண்டுவதில்லை. கிணற்றடித் தொட்டியில் நீரை நிரப்பி, பொய்யிரையை முள்ளோடு நூலிற் கட்டி, தளர்நடை வேகத்தில் இழுத்துப் பாருங்கள். முதுகு மேலாகவும் வயிறு கீழாகவும் நின்று, வாலசைத்து வருகிறதா? ஆம் எனில் நன்று. மல்லாந்து புரண்டால், எத்தனை அழகிய கண்கள் வரைந்திருப்பினும் அது பயனற்றது. ஒரு மீட்டர் ஆழமுள்ள தொட்டியாயின் அது அடியை எட்ட எத்தனை வினாடி ஆகிறதென்றும் எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு வினாடி எனில், இரண்டு மீட்டர் ஆழமுள்ள நீரில் எறிந்து ஆறு வரை எண்ணினால், பொய்யிரை அடிமண்ணுக்கு அரை மீட்டர் மேலே நிற்கும். அப்போது இழுக்கத் தொடங்கலாம். இக்கணக்குக்குச் செலவில்லை, பயனோ பெரிது.

நிறத்தைப் பற்றி மிகக் கவலை வேண்டா. தெளிந்த நீரில் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது போதும். சிறுமீன்களில் பெரும்பாலானவை அவ்வாறே இருக்கின்றன. கலங்கிய நீரில் கருமையான உருவம் எடுப்பாகத் தோன்றும். இவ்விரண்டு நிறங்களுக்கு மேல் வாங்குவது பெரும்பாலும் வாங்குபவரின் கண்ணுக்கு விருந்தே.

ஆனால் முள்ளிலும் நரம்பிலும் சிக்கனம் கூடாது. பொய்யிரையின் உடல் மீனை அழைக்கிறது. பிடித்து நிறுத்துவன முள்ளும் நரம்புமே. மலிவான பொய்யிரைகளோடு வரும் முட்கள் பெருமீன் இழுத்தால் நிமிர்ந்துவிடக் கூடும். முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மீது மெல்ல வைத்து நகர்த்துங்கள். வழுக்கினால் அது மழுங்கியது, பற்றினால் கூரியது. கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல் கூர்மையானது. ஆதலால் முள்ளை அடுத்து ஒரு முழ நீளம் தடித்த நரம்பு இருத்தல் இன்றியமையாதது.

இனி விலையின் உட்பொருளுக்கு வருவோம். ஒருவர் அறுநூறு ரூபாய்க்கு ஒரே பொய்யிரை வாங்கினார் என்றும், மற்றொருவர் அதே தொகையில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஐந்து மென்பிளாஸ்டிக் மீன்களும், எஞ்சிய முந்நூற்றைம்பதுக்கு நல்ல முட்களும் நரம்பும் வாங்கினார் என்றும் வைத்துக்கொள்வோம். கொடுவா எங்கே இருக்கும்? அலையாத்தி மரத்தின் வேர்களுக்கிடையே. விரால் எங்கே இருக்கும்? கொடிகளின் நடுவே. முதலாமவருக்கு அங்கே எறிய மனம் வராது; சிக்கிக்கொண்டால் அறுநூறும் போயிற்றே என்று அஞ்சி, மீனில்லாத வெட்டவெளி நீரிலேயே எறிந்து வெறுங்கையோடு திரும்புவார். இரண்டாமவர் துணிந்து மீனிருக்கும் இடத்திலேயே எறிவார். பொய்யிரையின் உண்மையான விலை, அதனை எங்கே எறியத் துணிகிறோம் என்பதில் இருக்கிறது.

அவ்வாறாயின், மலிவானது போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. அறுந்து கிடக்கும் நரம்பு நீர்ப்பறவையின் காலை இறுக்கும். முள் மீனவரின் பாதத்தைக் கிழிக்கும். பிளாஸ்டிக் மக்காமல் சேற்றில் கிடக்கும். இதற்கும் வழி உண்டு. முள்ளின் நுனியைப் பொய்யிரையின் முதுகினுள்ளேயே மறைத்துக் கோத்தால், அது கொடியிலும் வேரிலும் எளிதில் சிக்காது. மீன் கடிக்கும்போதுதான் நுனி வெளிப்படும். கிழிந்த உடலை, காய்ச்சிய கத்திமுனையால் தொட்டு ஒட்டி மீண்டும் பயன்படுத்தலாம். புகை மூக்கிற் படாதவாறு வெட்டவெளியில் செய்ய வேண்டும். உப்புநீரில் பயன்பட்ட முள்ளை நன்னீரில் அலசித் துடைத்தால் துரு ஏறாது.

மீனுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆகவே மிகச் சிறியதைப் பிடித்தால் இனம் பெருக்காததைக் கொல்கிறோம். மிகப் பெரியதைப் பிடித்தாலோ முட்டையிடும் தாயைக் கொல்கிறோம். இவ்விரண்டையும் நீரிலேயே விட்டு, நடுத்தரமானதை உணவுக்குக் கொள்வது அறிவுடைமை. விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும்போது எதை எறிந்தாலும் சினந்து பாயும். அப்போது அதனைப் பிடிப்பது திறமையாகாது. காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

ஏரியின் உரிமையையும் மதிக்க வேண்டும். ஊசுட்டேரி 2008-ஆம் ஆண்டு புதுவை அரசால் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. ஊர் ஏரிகளிலும் குளங்களிலும் மீன்பிடி உரிமை குத்தகையாக ஒருவருக்கு உரியதாக இருக்கலாம். கேட்டறிந்து, இசைவு பெற்றே கோலை எடுக்க வேண்டும். அந்நீரை நம்பிப் பிழைப்பவருக்கு அது வாழ்வு. நமக்கோ ஓய்வு நேர இன்பம்.

சுருங்கச் சொல்லின், உடல் மலிவாகவும், வால் துவள்வதாகவும், முள் கூரியதாகவும், நரம்பு உறுதியாகவும் இருக்கட்டும். தொட்டியில் சோதித்துப் பார்த்து வாங்கிய ஒரு பொட்டலமும், நீரைக் கூர்ந்து நோக்கும் பொறுமையும் ஒரு பருவத்துக்குப் போதும்.