வலுக்காரணியும் தொழிற்சாலை விளக்குகளும்

தொழிற்சாலைகளிற் பழைய விளக்குகளை நீக்கி எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி விளக்குகளை அமைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. வாற்று குறைந்தாற் செலவுங் குறையும் என்பது பலர் எண்ணம். அது முழு உண்மையன்று; வலுக்காரணியையும் நோக்குதல் வேண்டும்.

எமது துலாக் கிணற்றை நினைவிற் கொள்வோம். பட்டை நிறைய நீரை மேலே கொணர்ந்து, பாதியை வாய்க்காலில் வார்த்து, மீதியைக் கிணற்றிலேயே விட்டால் நீர் அழிந்துவிடவில்லை. ஆயினும் துலாவுங் கொடியும் முழுப் பாரத்தையுந் தாங்கின. சுமந்ததிற் பயன்பட்ட பங்கே வலுக்காரணி.

அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போன்றதோரிடத்தில் ஒரு வேலைத்தளம் 100 வாற்று விளக்குகள் நூறு பொருத்துவதாகக் கொள்வோம். பயன்படும் வலு 10 கிலோவாற்று. வலுக்காரணி 0.5 ஆயின் மின்வழங்கல் 20 கிலோவோல்ற்றம்பியரைச் சுமக்க வேண்டும், 0.95 ஆயின் ஏறத்தாழ 10.5 போதும். இலங்கையில் 42 கிலோவோல்ற்றம்பியருக்கு மேற்பட்ட இணைப்புடைய கைத்தொழிலாளர் உச்சக் கேள்விக்கு இக்கணக்கிலேயே பணஞ் செலுத்துகின்றனர்.

மோட்டர்களுக்குக் கொள்ளளவி பொருத்திக் குறை தீர்ப்பது பழைய முறை. இவ்விளக்குகளுக்கு அது மருந்தாகாது. மோட்டரில் மின்னோட்டம் அழுத்தத்துக்குப் பிந்துகின்றது. மலிவான விளக்கின் சீராக்கியோ அலையின் உச்சியில் மாத்திரம் மின்னை வெடுக்கென இழுத்து அலைவடிவத்தையே சிதைக்கின்றது. மூவவத்தை இணைப்பில் இச்சிதைவு நொதுமற் கம்பியில் ஒன்றுகூடி அதனைச் சூடாக்கவும் வல்லது.

ஆகையால், திருத்தச் சுற்று உள்ளேயே அமைந்த, வலுக்காரணி 0.9 க்கு மேற்பட்ட விளக்கைத் தெரிந்தெடுத்தலே தக்கது. விலையோடு அவ்வெண்ணையும் வாசித்து வாங்குமாறு தொழில் நடத்தும் எம் பழைய மாணவரை வேண்டுகின்றோம்.