மழை பொய்ப்பது யாரால்?

மழை தவறிய ஆண்டுகளில் குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் மூன்று விதமான வாதங்கள் கேட்பதுண்டு. தெய்வக் குற்றம் என்பார் ஒருவர். மக்கள் தொகை பெருத்துவிட்டது என்பார் மற்றொருவர். உலகம் சூடாகிவிட்டது, இனி நம் கையில் என்ன இருக்கிறது என்பார் மூன்றாமவர். இவற்றை நம் அங்கத்தினர்கள் நிதானமாக ஆராய்வது நலம். வாதம் முடிகிற விதத்தைப் பொறுத்தே கண்மாயில் மண்வெட்டி இறங்குவதும் இறங்காததும் அமைகிறது.

2015ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பை விட மிகுதியாகப் பெய்தது. சென்னையை வெள்ளம் சூழ்ந்தது அப்போதுதான். மறு ஆண்டே, சராசரியாக 440 மில்லிமீட்டர் அளவில் பெய்ய வேண்டிய அதே பருவத்தில், 168 மில்லிமீட்டரே பெய்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் நம் மக்களின் பக்தி குன்றிவிட்டதா? தலைக்கணக்குதான் இரட்டித்துவிட்டதா? அந்த ஓர் ஆண்டின் குறைவைப் புவி வெப்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவதும் முறையன்று. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்தம் ஏற்றத்தாழ்வு போல் ஆடுவதையும் அதற்கும் பருவமழைக்கும் உள்ள உறவையும், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் கணக்கிட்டுக் காட்டினார். (கணித மேதை இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைக்கப் பரிந்துரைத்தவரும் இவரே.)

2019 கோடையில் இந்து சமய அறநிலையத் துறை, மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்தும்படி சுற்றறிக்கை விடுத்தது. பகுத்தறிவாளர் கண்டித்தனர், பக்தர்கள் வரவேற்றனர். வேண்டுதலால் எவருக்கும் தீங்கில்லை என்பதே நம் கருத்து. ஆனால் குன்றைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்த காலத்து மக்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. புதுக்கோட்டைச் சீமையின் பழைய ஏரிகளில் கல்வெட்டுப் பொறித்த குமிழித்தூம்புகள் இன்றும் நிற்கின்றன. தெய்வத்தை நம்பியவர்கள் தூம்பை மறக்கவில்லை.

மக்கள் தொகை வாதம் இன்னும் விசித்திரமானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே, தலைமுறை நிலைக்க 2.1 வேண்டும். பிள்ளைகள் மிகுதி என்று முன்பு கடியப்பட்ட நாம், 2024 அக்டோபரில் ஆந்திர, தமிழக முதலமைச்சர்களாக இருந்த இருவரும் பிள்ளைகள் குறைவதைப் பற்றிப் பேசக் கேட்டோம்! உலகைச் சூடாக்கும் கரியமில வாயுவும் தலைக்கணக்குப்படி எழுவதன்று. ஓர் அமெரிக்கர் வெளியிடும் அளவு ஓர் இந்தியர் வெளியிடுவதைப் போல் பல மடங்கு.

ஆயினும் மூன்றாமவர் கூற்றில் உண்மை உண்டு. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் ஏழு சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே மழை வரும்போது கொட்டித் தீர்ப்பதற்கு வாய்ப்பு மிகுகிறது. நெசவாளர் நிலை வேறு: அடைமழையில் தெருவில் பாவு ஓட முடியாது, குழித்தறியில் ஊற்று எடுக்கும். உழவருக்கோ அதே மழை கண்மாயில் நின்றால்தான் தை வரை பயிர் நிற்கும். 'இனி நம் கையில் என்ன இருக்கிறது' என்ற முடிவைத்தான் ஏற்பதற்கில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெறும் இம்மாவட்டத்தில், அதைப் பிடித்து வைக்கும் வேலை நம்முடையதே.

தைலமரக் காடுகளில் எடுத்த வரப்புகளும் பள்ளங்களும் மழைநீரைத் தடுப்பதால் கண்மாய்களுக்கு வரத்து குறைகிறது என்பது மாவட்டத்து விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. 2017இல் அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்தில் கரையும் மதகும் பல இடங்களில் சீர்பட்டன. வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் பலப்படுத்திய கரைக்குள் தேங்க நீர் ஏது? ஆதலால் அங்கத்தினர்கள் ஐப்பசிக்கு முன் தத்தம் ஊர் வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கண்மாய் வரை ஒருமுறை நடந்து பார்த்து, அடைப்புள்ள இடங்களைச் சர்வே எண்ணுடன் குறித்துச் சங்கத்தில் கொடுத்தால், ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரே மனுவாக அனுப்ப இயலும்.