முக்கொம்புக்கு ஒரு டப்பா வாஃபிள்... தொட்டுக்கொள்ள வெல்லப்பாகு!

முக்கொம்புக்குக் கிளம்புகிறோம் என்றாலே, திருச்சி வீடுகளில் முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் மணக்க ஆரம்பித்துவிடும். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடாம்... இந்தக் கட்டுச்சோற்றுப் பட்டியலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். வாஃபிள்!

வாஃபிள் மாவில் வழக்கமாக முட்டை சேர்ப்பார்கள். மாமியார் முட்டையைத் தொடமாட்டார். எல்லோரும் சாப்பிட, அவர் மட்டும் பார்த்துக்கொண்டு உட்காருவதா? அதனால் முட்டை இல்லாமல் செய்து, சுடச்சுட டப்பாவில் அடுக்கி மூடி எடுத்துப்போனேன். ஆற்றங்கரையில் திறந்தால், ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தது. பிள்ளைகளின் முகமும் அப்படித்தான்!

தப்பு மாவில் இல்லை. சூட்டோடு மூடியதால் ஆவி வெளியே போகாமல், மொறுமொறுப்பைக் குடித்துவிட்டது. அடுத்த முறை சரிசெய்த பக்குவம் இதோ.

மாவுக்கு...

மைதா 1 கப், அரிசி மாவு கால் கப், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு 1 சிட்டிகை ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். பால் முக்கால் கப், தயிர் கால் கப், உருக்கிய நெய் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்து, இட்லி மாவு பதத்துக்குக் கலக்குங்கள். ரொம்ப அடித்தால் வாஃபிள் ரப்பராகிவிடும். மொறுமொறுப்பைத் தருவது அரிசி மாவுதான்.

வாஃபிள் மேக்கரைச் சூடாக்கி, எண்ணெய் தடவி, மாவை ஊற்றி மூடுங்கள். ஆவி வருவது அடங்கும்வரை திறக்கக் கூடாது. 4 முதல் 5 நிமிடங்கள் ஆகும். மூடி ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். மெஷின் இல்லையா? இதே மாவைக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றுங்கள். கட்டம் வராது, ருசி வரும்.

வெல்லப்பாகுக்கு...

பொடித்த வெல்லம் 1 கப், தண்ணீர் கால் கப். கரைந்ததும் மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிடுங்கள். விரலில் தொட்டால் பிசுக்கென ஒட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் வந்தால், ஆறியதும் இறுகிவிடும். ஏலக்காய், சுக்குப்பொடி, 1 டீஸ்பூன் நெய் போதும். வீட்டிலேயே சாப்பிடுவதானால், பாகு ஆறியபின் கெட்டித் தேங்காய்ப்பால் கால் கப் கலக்கலாம். பயணத்துக்கு வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும்.

கட்டும் விதம்

வாஃபிளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், கம்பித் தட்டில் முழுசாக ஆறவிடுங்கள். பிறகு காகிதத்தில் சுற்றி டப்பாவில் வையுங்கள். பாகு தனி பாட்டிலில். காவிரிக்கரையில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்? ரஸ்தாளி ரெண்டை வட்டமாக நறுக்கி மேலே வைத்தால் இன்னும் ஜோர்.

புதுசு என்கிறோமே தவிர, இரும்பு அச்சில் மாவைச் சுடுவது நமக்கும் பழக்கம்தான். பொன்மலை ரயில்வே காலனிப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ரோஸ் குக்கீஸ், நம் அச்சு முறுக்கேதான். அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தால் அது. ரெண்டு அச்சுக்கு நடுவே மாவை ஊற்றிச் சுட்டால் வாஃபிள்.

காவிரி இரண்டாகப் பிரிந்து கொள்ளிடம் கிளம்பும் இடம் முக்கொம்பு. 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய இடமும் இதுவே. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் உடைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆடியில் தண்ணீர் வரும்போது கரையிலிருந்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

இரண்டாவது முறை டப்பாவைத் திறந்தபோது வாஃபிள் துவளவில்லை. மாமியார் ஒரு துண்டைப் பாகில் தோய்த்து வாயில் போட்டார். “காப்பரிசிக்குப் போடற வெல்லம்தானே, இதைப்போய் சாஸ்ங்கறீங்களே!” என்று சிரித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.