காலின் கட்டளையும் யந்திரத்தின் பதிலும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலை பெரிய மதிலைப்போல் எழுந்து நிற்கிறது. முந்தலில் ஒரு பாதை குரங்கணிக்குப் பிரிகிறது. மற்றொன்று பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டுக்கு ஏறுகிறது. முற்காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கி, ஆகாய மார்க்கமாகக் கொட்டகுடிக்கு இறங்கியது. இன்றோ பல லட்சம் பெறும் சொகுசுக் கார்கள் இம்மலை ஏறுகின்றன. அவற்றின் பெருமை சமவெளியில் தெரியாது, வளைவில்தான் தெரியும்.

இக்கார்கள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று டர்போ. 1905-ல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூஹி என்பவர் உரிமை பெற்ற யுக்தி இது. வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது யந்திரத்துக்குள் காற்றைத் திணிக்கிறது. உயரத்தில் காற்று மெலிந்தாலும் பலம் அதிகம் குன்றுவதில்லை. ஆனால் புகை பெருகிச் சக்கரம் வேகங்கொள்ளச் சிறிது அவகாசம் வேண்டும். பொறுமையிழந்த சாரதி மேலும் அழுத்துவார். அப்பொழுது சேர்ந்த பலம் பாதி வளைவிலே திடீரென்று வந்து பாயும்! புதிய டர்போக்களில் இத்தாமதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அடியோடு ஒழியவில்லை.

மற்றது ஹைபிரிட். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் இதைப் பிரபலமாக்கியது, லெக்ஸஸ் இ.எஸ். 300 எச் 2020-ல் நம் தேசத்திலேயே பூட்டப்படத் தொடங்கியது. மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் தரவல்லது. ஆகவே கால் சொன்ன கணமே வண்டி நகரும். எனினும், நெடிய ஏற்றத்தில் பாட்டரி இளைத்துவிட்டால் யந்திரத்தின் இரைச்சல் மிகும், வேகம் அதற்கேற்ப மிகாது. இறக்கத்தில் பாட்டரி நிரம்பிவிட்டால் மின்சாரத் தடையின் உதவியும் குறையும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். டர்போவில் கியரையும் முன்னதாகவே தாழ்த்துங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், யந்திரத்தின் தடையையும் துணைகொள்ளுங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

அடுத்த வளைவில் எதிர்ப்படுவது, ஏலத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் நிறைந்த ஜீப்பாக இருக்கலாம். அரைக்கணத் தாமதத்துக்கோ, அரைக்கண அவசரத்துக்கோ விலை கொடுக்க நேருவது அவர்களாக இருக்கலாகாது.