பீரங்கியின் இந்த முனையும் அந்த முனையும்

ஈழப் போர் எடிட்ஸ் உங்க ஃபீட்லயும் வந்திருக்கும். பின்னணியில் அதிரும் மியூசிக், வரிசையா பீரங்கிகள், மேல 'கிட்டு பீரங்கிப் படையணி'ன்னு பெரிய எழுத்து. அந்தப் படை எப்படி உருவாச்சு, கடைசியில் என்ன ஆச்சுன்னு முப்பது செகண்ட் வீடியோ சொல்லாது. கொஞ்சம் பொறுமையா பார்ப்போம்.

முதல்ல பெயர். கிட்டு என்கிற சதாசிவம் கிருஷ்ணகுமார், விடுதலைப் புலிகளின் யாழ்ப்பாணத் தளபதியாக இருந்தவர். 1993 ஜனவரியில் அவர் வந்த கப்பலை வங்கக் கடலில் இந்தியக் கடற்படை மறித்தபோது இறந்தார். அப்போ புலிகளிடம் பெரிய பீரங்கி எதுவும் கிடையாது. மோர்ட்டார்கள் இருந்தன, உள்ளூர்ப் பட்டறையில் செய்த 'பசீலன்' இருந்தது. அவ்வளவுதான்.

1996 ஜூலை 18-ல் முல்லைத்தீவு ராணுவ முகாமைத் தாக்கிப் பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்தார்கள். அங்கே கைக்கு வந்தவை இரண்டு 122 மி.மீ. பீரங்கிகள். கிட்டு பேர்ல பீரங்கிப் படை வளர்ந்தது அதுக்கு அப்புறம்தான். 1997-ல் இன்னொரு கூத்து: ஜிம்பாப்வேயில் இலங்கை ராணுவம் காசு கொடுத்து வாங்கிய 32,000-க்கும் மேற்பட்ட 81 மி.மீ. மோர்ட்டார் குண்டுகள், கப்பலோடு திசைமாறிப் புலிகளிடம் போய்ச் சேர்ந்தன. 2000 ஏப்ரல் 22-ல் ஆனையிறவு விழுந்தபோது 152 மி.மீ. பீரங்கிகளும் கிடைத்தன. பதறிப்போன அரசு, அதே வருஷம் செக் நாட்டிலிருந்து 40 குழாய் ராக்கெட் வண்டிகளை வாங்கியது. ஒருத்தர் தூரத்தைக் கூட்டினால் இன்னொருத்தர் அதைவிடக் கூட்டணும். ஆயுதப் போட்டி அப்படித்தான் ஓடும்.

தூரம்னா எவ்வளவு? மகாமகக் குளக்கரையில் நிற்கிறதா வச்சுக்கோங்க. 81 மி.மீ. மோர்ட்டார் தாராசுரத்தைத் தொடும். 122 மி.மீ. டி-30 ரகம் பாபநாசம் பக்கம் வரை, அதாவது சுமார் 15 கி.மீ. போகும். 130 மி.மீ. பீரங்கி குத்தாலத்தையே தாண்டும். சுடுறவர் கண்ணுக்கு இலக்கு தெரியவே தெரியாது. முன்னால போய் ஒளிஞ்சிருக்கும் ஒருத்தர் ரேடியோவில் சொல்ற திருத்தத்தை வச்சுத்தான் அடுத்த குண்டு.

ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? டி-30 குண்டின் வேகம் விநாடிக்கு சுமார் 690 மீட்டர். நம்ம ஃபார்முலாவில் போட்டா 48 கி.மீ. வரும். நிஜத்தில் 15-தான். மீதியைக் காற்று தின்னுடும். காற்றின் திசை, வெப்பம், குழாயின் தேய்மானம் எல்லாம் சேர்ந்து, கணக்கு சரியா இருந்தாலும் ஒவ்வொரு குண்டும் பல மீட்டர் தள்ளித்தான் விழும். காலி நிலத்தில் அது சின்னப் பிழை. கூடாரங்கள் நெருக்கியடிச்சு நிற்கும் இடத்தில் அந்தப் பிழை ஒரு குடும்பம்.

இன்னொரு விஷயம், குண்டு வந்த பாதையை ரேடார் பிடிச்சுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டா, பீரங்கி நின்ற இடம் தெரிஞ்சிடும். பதிலடி அங்கேயே வரும். அதனால பீரங்கி எங்கே நிற்குதுங்கிறது பக்கத்தில் இருக்கிறவங்களோட உயிர்ப் பிரச்சினை.

2009-ல் வன்னியில் நடந்தது இதுதான். ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் வெளியிட்ட அறிக்கை இரண்டு பக்கத்தையும் சொல்கிறது. அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மேலயும் மருத்துவமனைகள் மேலயும் ஷெல் அடித்தது. கடைசிக் கட்டத்தில் இறந்த மக்களில் பெரும்பாலானோர் அதில்தான் இறந்தார்கள். புலிகள் மக்கள் கூட்டத்துக்குப் பக்கத்திலிருந்து பீரங்கி சுட்டார்கள், தப்பி ஓடியவர்களையும் சுட்டார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறது அறிக்கை. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை.

'தன்னார்வப் படை' என்ற சொல்லையும் கவனிங்க. தானா விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏராளம். 1983 கலவரத்துக்குப் பிறகு படிப்பை விட்டுட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் கடைசி வருஷங்களில் வீட்டுக்கு ஒருத்தர்னு கட்டாயமாப் பிடித்துப் போனதும், அதில் சிறுவர்கள் இருந்ததும் பதிவான உண்மை. இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிட முடியாது.

2009 மே மாதத்தோடு பீரங்கிகளும் படையும் முடிந்தன. அடுத்த தடவை அந்த எடிட் வந்தா, வீடியோவில் தெரிவது சுடும் முனை மட்டும்னு நினைச்சுக்கோங்க. 15 கி.மீ. தள்ளி, அந்தக் குண்டு விழுந்த இடத்தில் யார் இருந்தாங்கன்னும் ஒரு தடவை கேளுங்க. அங்கேயும் தமிழ்தான் பேசினாங்க.