தாமிரம் தாவாது

மாலை 6.30 மணி. பெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கி ஊர்கிறது ஒரு மின்சாரக் கார். மழை கொட்டுகிறது. திடீரென்று திரையில் ஆமைப் படம் எட்டிப் பார்க்கிறது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகமெடுக்க மறுக்கிறது. ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி கிளப்பினால் ஆமையைக் காணோம். மறுநாள் பட்டறையில் போமன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே அண்ணே" என்கிறார்.

வந்து வந்து போகும் இத்தகைய கோளாறுக்கு ஒரு காரணம், மோட்டாரின் வெப்ப சென்சார். அரிசி மணியளவே உள்ள சென்சாருக்காக அவ்வளவு பெரிய வண்டி ஏன் பணிய வேண்டும்? மோட்டாரின் தாமிர வைண்டிங்கைப் போர்த்தியிருக்கும் காப்புப் பூச்சுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. 'எச்' வகைக் காப்பென்றால் 180 டிகிரி செல்சியஸ். சுழலும் ரோட்டாரில் உள்ள நியோடிமியக் காந்தங்களும் அளவு மீறிச் சூடானால் காந்த சக்தியை இழக்கும். எனவே சென்சாரின் பேச்சில் சந்தேகம் வந்தாலே கணினி மோட்டாரின் சக்தியைக் குறைத்துவிடும்.

பல மோட்டார்களில் இருப்பது என்.டி.சி. தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை இறங்கும். பரவலான ஒரு வகையில் 25 டிகிரியில் 10,000 ஓம்; 100 டிகிரியில் சுமார் 700 ஓம். கம்பி விட்டுப்போனால் தடை எல்லையில்லாமல் ஏறும். உறைபனியில் நிற்பதாகக் கணினி நினைத்து, மைனஸ் 40 என்று காட்டும். இணைப்பானுக்குள் மழைநீர் புகுந்தால் ஊசிகளுக்கிடையே குறுக்குவழி கிடைத்துத் தடை குறையும். குளிர்ந்த மோட்டாரும் கொதிப்பதாகத் தெரியும். எனவே, எண் எந்தப் பக்கம் தப்புகிறது என்பதே முதல் துப்பு.

இரண்டாவது துப்பு, தப்பும் வேகம். கிலோ கணக்கில் தாமிரமும் இரும்பும் உள்ள மோட்டார் சூடாகவும் ஆறவும் நேரம் பிடிக்கும். 70 டிகிரியில் இருந்தது நொடியில் பத்தில் ஒரு பங்கில் மைனஸ் 40க்கு விழுந்து, அதே வேகத்தில் திரும்பி வந்தால், அது வெப்பம் அல்ல. கம்பி, ஊசி, அல்லது சென்சாரின் விரிசல். தாமிரம் தாவாது. ஆகவே ஸ்கேனரில் பிழை எண்ணைப் படித்ததோடு நிற்காமல், மோட்டார், இன்வெர்ட்டர், குளிர்விப்பு நீர் மூன்றின் வெப்பத்தையும் ஓடும்போதே பதிவு செய்ய வேண்டும். மூன்றும் கூடவே ஏறினால் சூடு நிஜம். பம்பையும் ரேடியேட்டரையும் பாருங்கள். மோட்டாரின் கோடு மட்டும் துள்ளினால் கம்பியைத் தேடுங்கள்.

நம் ஊர் விடியற்காலை இதற்கு நல்ல சோதனைக்கூடம். இரவெல்லாம் நின்ற வண்டியில் எல்லாச் சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் அதிகாலை வெப்பமோ 25 டிகிரியை ஒட்டியது. தெர்மிஸ்டரின் தடையைக் குறிப்பிடும் அதே 25!

ஓட்டுநரிடம் கேட்கும் கேள்விகளும் கருவிதான். மேடு பள்ளத்தில் வருகிறதா? தளர்ந்த ஊசி. நன்றாகச் சூடான பிறகா? விரிவடையும்போது வாய் திறக்கும் பற்றவைப்பு. மழைக்கு மறுநாளா? இணைப்பானில் ஈரம், பச்சை பூத்த ஊசி. ஓங்கி மிதிக்கும்போது மட்டுமா? இழுபடும் கம்பி, அல்லது கவசத் தரையிணைப்பு சரியில்லாமல் உள்ளே நுழையும் இன்வெர்ட்டரின் இரைச்சல்.

அடுத்தது, பதிவு ஓடிக்கொண்டிருக்கக் கம்பிக் கட்டை ஓரிடமாக அசைத்துப் பார்ப்பது. அதிலும் சிக்காவிட்டால் சென்சாருக்குப் பதிலாக ஒரு நிலையான ரெசிஸ்டரை இணைத்து மெதுவாக ஓட்டலாம். சோதனை ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும், அப்போது மோட்டாரின் சூட்டைக் கவனிக்க ஆளில்லை. அப்போதும் எண் துள்ளினால் சென்சார் நிரபராதி.

இத்தனை பொறுமைக்கும் காரணம் பணம். சென்சார் வைண்டிங்கிலேயே புதைந்திருந்தால், அதை மட்டும் மாற்ற முடியாது. மோட்டாரையே இறக்க வேண்டிவரும். சில வெள்ளியில் முடியும் இணைப்பானுக்காக முழு மோட்டாரை மாற்றிய பிறகும் ஆமை திரும்பி வரலாம்.

உயிர் விஷயத்தில் சமரசம் கிடையாது. ஆரஞ்சுக் கம்பிகளில் ஓடுவது 400 வோல்ட், சில வண்டிகளில் 800. பயிற்சி பெற்றவர் மின் இணைப்பைத் துண்டித்து, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் பூஜ்யம் என்று அளந்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

மின்மோட்டார் நமக்குப் புதிதல்ல. தமிழ் ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமாக 1995 முதல் கொமுட்டர் மின்ரயில்கள் 25,000 வோல்ட் மேல்கம்பியில் ஓடுகின்றன. மின்சாரக் கார்களுக்கான இறக்குமதி, கலால் வரி விலக்கு 2022 ஜனவரியில் தொடங்கியது; முழுதாக இறக்குமதியானவற்றுக்கு 2025 இறுதியோடு முடிந்தது. அந்த நாட்களில் வாங்கிய வண்டிகள் உத்தரவாதம் தீர்ந்து தாமான் ஓரப் பட்டறைகளுக்கு வரும் காலம் தொலைவில் இல்லை.

அன்றைக்குப் போமன், "சென்சார் போச்சுண்ணே, மோட்டாரை மாத்தணும்" என்றால், தலையாட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "கோடு எங்கே துள்ளிச்சு, காட்டுங்க தம்பி."